பங்கு மூச்சு

நாள் 212, காலை 08:10

செவ்வாய்க் கோள், இரண்டாம் புறநிலையம். எழுதுவது ஜெசிந்தா பர்னாந்து, பொருள் வடிவமைப்பாளர். வெளியே மைனஸ் 61. உள்ளே 21. காற்றழுத்தம் சீர்.

மாதிரி 41, நாற்காலி. தினைத்தட்டையை நறுக்கி அச்சில் அடைத்து, காளான் வித்து தூவி, பன்னிரண்டு நாள் இருட்டில் வைத்திருந்தேன். இழை உள்ளே ஓடிப் பின்னி மொத்தமும் வெள்ளைக் கட்டியாகிவிட்டது. காய்ந்தபின் எடை இரண்டே முக்கால் கிலோ. தக்கை மாதிரி இருக்கிறது. வேலை முடிந்ததும் உடைத்து ஈரமண்ணில் போட்டால் ஆறு வாரத்தில் மண்ணோடு மண்.

சோதனைக்கு உட்கார்ந்தவர் செய்யது அபுதாஹிர். நிலையத்தின் இயந்திரக்காரர், கீழக்கரை, வயது ஐம்பத்திரண்டு. இங்கே நாங்கள் இரண்டே பேர். ஈர்ப்பு குறைவு என்பதால் மடியில் இரண்டு ஆக்சிஜன் உருளையையும் கொடுத்து உட்காரவைத்தேன். தாங்கியது.

"தங்கச்சி, ஒரு காலு பூத்திருக்கு பாரு" என்றார். குனிந்து பார்த்தேன். ஒரு காலடியில் காளான் மொட்டு. இழை முழுக்கச் சாகவில்லை. அடுத்த தடவை சூடு கூட்ட வேண்டும்.

பூமியிலிருந்து திட்டக்குழுவின் குறிப்பு வந்திருக்கிறது: "நாற்காலியின் மேல் பிசின் பூச்சு கொடுக்கவும். இருபது ஆண்டு உழைக்க வேண்டும்."

பதில் அனுப்பினேன். பூச்சு கொடுத்தால் மட்காது. மட்காத நாற்காலிதான் வேண்டுமென்றால் கடையில் வாங்கி அனுப்புங்கள்.

நாள் 219, காலை 10:40

பாசித்தாள், பதினேழாம் முயற்சி. தொட்டியில் வளர்கிற கஞ்சிப்பாசியைக் காய்ச்சி வடித்துத் தட்டில் ஊற்றுகிறேன். காய்ந்தால் கண்ணாடி போல் மெல்லிய தாள். அறுபது சென்டிமீட்டருக்கு மேல் நீளம் போனால் வெடிக்கிறது. கிளிசரின் கூட்டினால் பிசுபிசுக்கிறது.

செய்யது காக்கா ஒரு பழைய வடிகட்டியின் சட்டத்தைக் கழற்றித் தந்தார். இழுத்துப் பிடித்துக் காயவைத்தால் வெடிக்காது என்கிறார். ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்களாம், நானும் அப்படியே கூப்பிட வேண்டும் என்று வந்த முதல் நாளே சொல்லிவிட்டார்.

இரண்டாம் அறையில் மண்பாத்தி இப்போது முழங்கால் ஆழம். எங்கள் கழிவு, தட்டை, தோற்ற மாதிரிகள் எல்லாம் சேர்ந்து இருநூறு நாளில் உண்டான மண். இந்தக் கோளில் உயிருள்ள மண் இருக்கிற ஒரே இடம். காக்கா தினமும் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்க்கிறார். எதற்கு என்று கேட்டதற்கு, "மழை பெஞ்ச வாசம் இருக்கு, உனக்குத் தெரியலையா?" என்றார்.

நாள் 227, மாலை 16:20

விபத்து. புழுதி துடைக்கக் காக்கா சூரியத்தகடு கோபுரத்தில் ஏறினார். ஏணியின் பிடி உடைந்து ஏழு மீட்டர் கீழே. உடுப்பு கிழியவில்லை. இழுத்து உள்ளே கொண்டுவந்தேன். நினைவு இருக்கிறது. வயிறு கல் போல் இறுகியிருக்கிறது.

தலைமை நிலையம் இங்கிருந்து முந்நூற்று நாற்பது கிலோமீட்டர். அங்கிருக்கும் மருத்துவர் படம் பார்த்துவிட்டு, உள்ளே ரத்தம் கசிகிறது, அறுவை செய்ய வேண்டும் என்றார். வண்டி வர ஒன்பது நாள்.

நாள் 229, காலை 06:50

வலி மருந்து கொடுத்திருக்கிறேன். தெளிவாகப் பேசினார். அறையின் ஒலிப்பதிவிலிருந்து அப்படியே எழுதுகிறேன், பின்னால் யாரும் அவர் சொல்லாததை நான் எழுதியதாகச் சொல்லக்கூடாது.

"தங்கச்சி, என்னைப் பையில போட்டுறாதே."

"அப்படியெல்லாம் பேசாதீங்க காக்கா."

"கேளு. அந்தக் கறுப்புப் பை கிழியாது. வெளியே வச்சா நான் அழுகவும் மாட்டேன். லட்சம் வருசம் அப்படியே கிடப்பேன். நாம மண்ணுலேர்ந்து வந்தவங்க. மண்ணுக்குத்தான் போகணும். ஒங்கிட்ட மண்ணு இருக்கு."

சரி என்றேன்.

"எல்லாரும் சரின்னுதான் சொல்லுவாங்க. நீ செய்வியா?"

செய்வேன் என்றேன்.

நாள் 229, பிற்பகல் 13:35

செய்யது அபுதாஹிர் இறந்தார்.

நாள் 230, காலை 09:00

தலைமை நிலையத்தின் ஆணையர் உமையாள் நாச்சியப்பனிடமிருந்து:

"ஜெசிந்தா, எல்லாருக்குமே மனசு உடைஞ்சு போச்சு. கிளம்பின வண்டியைத் திருப்பிக் கூப்பிட்டுட்டோம். விதிப்படி உடலைப் பையில் மூடி, வெளியே நிழல் பகுதியில் வையுங்க. மனித உடல் எதுவும் இங்கே மட்கக்கூடாது. இன்னொன்று, மட்குவதற்கு ஆக்சிஜன் வேண்டும். அதைச் செலவு பண்ண உங்களால முடியாது."

கடைசி வாக்கியம் நியாயமானது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஓர் உடல் மண்ணாவதற்குச் சுமார் அறுபது கிலோ ஆக்சிஜன் வேண்டும். ஓர் ஆள் மூச்சு விட ஒரு நாளைக்கு எண்ணூற்று நாற்பது கிராம். எங்கள் இருப்பு இரண்டு பேருக்கு, நாள் 330 வரை. இன்னும் நூறு நாள். காக்காவின் பங்கு மட்டும் எண்பத்து நான்கு கிலோ உருளைகளில் அப்படியே இருக்கிறது.

பதில்: "மேடம், நான் என் பங்கைத் தொடப் போறதில்லை. அவர் பங்கை அவருக்குக் கொடுக்கப் போறேன்."

நாள் 231, காலை 07:30

கீழக்கரையிலிருந்து அவர் மனைவி பரீதா. ஊரில் அக்காவை லாத்தா என்பார்கள், எனக்கும் அவர் லாத்தாதான். குரல் வந்து சேரப் பதினான்கு நிமிடம்.

"தங்கச்சி, அவுக ஒங்ககிட்ட என்ன கேட்டாகளோ அதைச் செய்யுங்க. ஆபீஸ்லேர்ந்து வந்து கையெழுத்துக் கேக்குறாக. நான் போடல. குளிப்பாட்ட ஆம்பளை இல்லைன்னு யோசிக்காதீங்க. ஒங்களை விட்டா அங்கே யாரு இருக்கா? துஆவை ஓதி அனுப்புறேன், அவுக காதுக்குப் பக்கத்துல வைங்க."

கபன் துணி வேண்டும். அவரை மூடுகிற வெள்ளைத் துணி. நிலையத்தில் இருக்கிற படுக்கை விரிப்பு, துண்டு, சட்டை எல்லாமே செயற்கை இழை. ஒன்றும் மட்காது. பாசித்தாள்தான். இரண்டு மீட்டர் நீளம், மூன்று துண்டு. இதுவரை நான் செய்த பெரியது அறுபது சென்டிமீட்டர்.

நாள் 232, காலை 11:15

இரண்டு இரவாகத் தூங்கவில்லை. அவர் கழற்றித் தந்த சட்டம் மாதிரி இன்னும் மூன்றை இணைத்து நீளமாக்கினேன். முதல் தாள் நடுவில் வெடித்தது. இரண்டாவது ஓரத்தில். கரைசலில் தினை நாரை அரைத்துக் கலந்தேன். மூன்றாவது நின்றது. நான்காவதும் ஐந்தாவதும் நின்றன. கொஞ்சம் மங்கலான வெள்ளை. தூக்கிப் பிடித்தால் துணி மாதிரி மடிகிறது. இந்த இருநூற்று முப்பது நாளில் நான் செய்த நல்ல பொருள் இதுதான்.

மண்பாத்திக்கு உலர்ந்த கரிப்பொருள் போதவில்லை. நாற்காலிகள், விளக்குக் கூடுகள், கிண்ணங்கள், கண்காட்சிக்கு அனுப்ப வைத்திருந்த வளைவுகள், எல்லாவற்றையும் உடைத்து நொறுக்கினேன். முப்பத்தெட்டு மாதிரிகள். சுவர்ப் பலகைகள் இருபத்தாறு மட்டும் மிச்சம். மாதிரி 41-ஐக் கடைசிக்குத் தள்ளிவைத்தேன், உண்மை. ஆனால் இவற்றை நான் செய்ததே மட்கத்தான்.

குளிப்பாட்டினேன். மூன்று தாளிலும் சுற்றினேன். வலப்பக்கமாகக் கிடத்தி, இந்த நேரம் பூமி இருக்கிற திசைக்கு முகம் வைத்தேன். பரீதா லாத்தாவின் ஓதலை ஒலிக்கவிட்டேன். நான் வேம்பார்க் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவள். எனக்குத் தெரிந்ததையும் முணுமுணுத்தேன். மண்ணை மூடினேன்.

இந்தப் பாத்திக்கு மாதிரி எண் கிடையாது.

நாள் 240, பிற்பகல் 14:00

பாத்தியின் வெப்பம் 49. ஆக்சிஜன் செலவு ஒரு நாளைக்கு ஒன்றேகால் கிலோ. ஆரம்பத்தில் கூடுதலாகத்தான் இருக்கும். இரண்டாம் அறையில் அம்மோனியா நெடி. கண் எரிகிறது. தட்டை இன்னும் கொஞ்சம் சேர்த்தேன், குறைந்தது.

உமையாள்: "ஜெசிந்தா, நேரடியாகவே கேட்கிறேன். நீங்க அவரை உங்க ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துறீங்களா?"

என் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். தினமும் வெப்பம் எடுக்கிறேன், கரிவாயு அளக்கிறேன், எழுதிவைக்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஆராய்ச்சிதான். ஆனால் அளக்காமல் விட்டால் எனக்கும் அவருக்குமான கணக்கு தவறும், நான் சாவேன். அதைத்தான் சொன்னேன்.

"அப்படின்னா நிறுத்துங்க" என்றார்.

"முடியாது மேடம்."

நாள் 251, காலை 08:25

மூன்றாம் நாளாகப் புழுதிப் புயல். சூரியத்தகடுகளில் மின்சாரம் ஐந்தில் ஒரு பங்கு.

இரண்டாம் அறையின் ஹீட்டரைத் தலைமை நிலையத்திலிருந்தே அணைத்துவிட்டார்கள். காரணம் கேட்டேன். மின்சாரச் சிக்கனம் என்றார்கள். அறையைக் குளிரவிட்டுப் பாத்தியை உறையவைப்பதுதான் நோக்கம் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும்.

கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து தொலை இணைப்பின் இரண்டு கம்பிகளையும் பிடுங்கினேன். இனி இந்த நிலையத்தின் ஒவ்வொரு சுவிட்சும் என் கையால்தான்.

உமையாள்: "இதற்கு நீங்க பதில் சொல்ல வேண்டியிருக்கும்."

"சொல்றேன் மேடம். நேரில் வாங்க."

நாள் 258, பிற்பகல் 15:10

முதன்மை மின்கலம் செத்துவிட்டது. குளிரில் உறை வெடித்திருக்கிறது. குடியிருப்பில் மைனஸ் 9, இறங்கிக்கொண்டே இருக்கிறது. மிச்சம் இருப்பது சிறிய மின்கலம் ஒன்று. வானொலிக்கும் ஒரு விளக்குக்கும் காற்று சுற்றும் விசிறிக்கும் போதும். ஹீட்டருக்குப் போதாது.

குடியிருப்பில் இருந்த காற்றை பம்ப் வைத்து இரண்டாம் அறைக்கு இழுத்துவிட்டேன். அங்கே வீணாகக் கிடக்க வேண்டாம். இப்போது இந்த அறைக் கதவுக்கு அந்தப் பக்கம், காற்றை ஏற்றி இறக்குகிற சிறிய இடையறையைத் தாண்டினால், ஏறத்தாழ வெற்றிடம்.

இருபத்தாறு பலகைகளையும் பாத்தியைச் சுற்றி நிறுத்தி, மேலே மூடி, ஒரு குடிசை கட்டினேன். உள்ளே நானும் பாத்தியும்.

நாள் 264, காலை 09:30

வெளியே மைனஸ் 88. குடியிருப்பில் மைனஸ் 40. குடிசைக்குள் ப்ளஸ் 16.

திரும்பத் திரும்ப அளந்தேன். பாத்தியின் உள்வெப்பம் 57. மண்ணாகும்போது வெளிவருகிற சூடு, நூற்று நாற்பது வாட். என் உடம்பிலிருந்து நூறு. காளான் பலகை சூட்டை வெளியே விடாது. அவ்வளவுதான் விஷயம். அவர் பங்கு ஆக்சிஜன் அவருக்குள் போய், சூடாக என்னிடம் வருகிறது.

இதைச் செய்யும்போது நான் நினைத்துப் பார்க்கவேயில்லை. அவரும் நினைத்திருக்கமாட்டார்.

உமையாளுக்கு அனுப்பினேன்: "உங்க உத்தரவைக் கேட்டிருந்தா இன்னிக்கு ரெண்டு பை வேண்டியிருந்திருக்கும்."

பதில்: "எண்களை அனுப்புங்க. எங்க பொறியாளர் பார்க்கணும்."

அனுப்பினேன். பார்த்தார்கள்.

நாள் 271, நண்பகல் இருக்கும்

தலைவலி. கரிவாயு ஏறுகிறது. உறிஞ்சும் குப்பிகள் மிச்சம் முப்பத்தொன்று. அவர் பங்கும் சேர்த்துத்தான்.

சூடு வேண்டுமென்றால் பாத்தி. பாத்தி என்றால் கரிவாயு. நிறுத்தினால் குளிர். இரண்டில் ஒன்று என்னைக் கொல்லும் போலிருக்கிறது.

வெளிவால்வில் கை வைத்தேன். கால் சுற்று திருப்பினால் போதும், காற்று வெளியேறிப் பாத்தி உறைந்துவிடும், கரிவாயுவும் நிற்கும். உடுப்பைப் போட்டுக்கொண்டு அதன் சூட்டில் இரண்டு நாள் தாக்குப்பிடிக்கலாம். இரண்டு நாளில் யார் வருவார்கள்? ஒருவரும் வரமாட்டார்கள்.

பயமாக இருக்கிறது. அதை எழுதாமல் விடக்கூடாது. தைரியசாலி என்று யாராவது பிற்பாடு சொல்வார்கள். இல்லை. வால்வைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கையை எடுத்தேன்.

குப்பி ஒன்றை ஒரு நாளுக்கு நீட்ட முடியுமா என்று பார்க்கிறேன். அசையாமல் படுத்துக் கிடந்தால் நான் விடுகிற மூச்சு மூன்றில் ஒரு பங்கு குறையும். அது போதும். 302 வரை வரும்.

நாள் 274

படுத்திருக்கிறேன். மண்ணில் கை வைத்தால் சுடுகிறது. நெடி போய்விட்டது. எப்போது போனது தெரியவில்லை.

எழுத்து கோணுகிறது. மன்னிக்கவும்.

நாள் 277

கணக்கு சரி. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. மூன்று முறை போட்டேன், மூன்று விடை. நாளை மறுபடி.

நாள் 284, காலை 10:00

புயல் ஓய்ந்தது. தகடுகளில் மெல்லிய வெளிச்சம். விசிறி வேகமாகச் சுற்றுகிறது, தலை கொஞ்சம் தெளிந்திருக்கிறது.

உமையாள்: "வண்டி கிளம்பிவிட்டது. நானும் வருகிறேன். ஒன்பது நாள். உங்களை அழைத்துக்கொள்வோம். பாத்தியைத் தோண்டி, இருப்பதைப் பையில் மூடி, அறையை நூற்று நாற்பது டிகிரியில் வேகவைக்க வேண்டும். இது எனக்கு வந்திருக்கும் உத்தரவு. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்."

முன்கூட்டியே சொன்னது நேர்மை. அதற்கு நன்றி சொன்னேன்.

பிறகு விதிப்புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். செய்வதற்கு வேறு வேலை இல்லை. பிரிவு பதினாறில் மண்ணுக்கு விளக்கம் இருக்கிறது. ஒரு பொருளின் கரிவாயு தொடர்ந்து மூன்று நாள் வரம்புக்குக் கீழே இருந்தால் அது மண். உயிர்ப்பொருள் அல்ல, உடல் அல்ல, கழிவு அல்ல. அந்த நிலையத்தின் மண். அதை வெளியே எடுக்கவோ வேகவைக்கவோ தடை. எலும்பு இருந்தாலும் விளக்கம் மாறாது.

இப்போது இருக்கிற வேகத்தில் நாள் 302-இல் அந்த வரம்பு கிடைக்கும். வண்டி 293-இல் வரும்.

நாள் 292, மாலை 17:00

பரீதா லாத்தா: "தங்கச்சி, ஆபீஸ்ல மறுபடி வந்தாக. அவுகளைத் தோண்டி எடுத்துத் திருப்பி அனுப்புறோம்னு சொன்னாக. எனக்கு அவுக வேணாம்னு சொல்லல. ஆனா தோண்டி எடுத்து வேணாம். ஒங்களால முடிஞ்சதைப் பாருங்க. முடியலைன்னா நான் ஒங்களைக் குறை சொல்ல மாட்டேன்."

முடியும் என்று ஒரு சொல்லில் பதில் அனுப்பினேன்.

நாள் 293, காலை 11:05

வண்டி வெளியே நிற்கிறது. தரை வழியாக அதிர்வு கேட்கிறது. இருவர். குடியிருப்பு வழியாக நடந்து என் கதவுக்கு வந்திருக்கிறார்கள்.

உமையாள்: "ஜெசிந்தா, உள்தாழ்ப்பாளைத் திறங்க."

"இன்னும் ஒன்பது நாள் மேடம். பிரிவு பதினாறு. அளவு எல்லாம் அனுப்பியிருக்கேன்."

"படிச்சேன். எனக்கு உத்தரவு இன்றைக்கு. கதவை வெட்ட வேண்டியிருக்கும். உடுப்பைப் போட்டுக்கோங்க, வெட்டினா காற்று போயிடும்."

"இடையறையில் விளக்கைப் போட்டுப் பாருங்க."

நேற்று மாலையே என் உடுப்பைக் கழற்றி, மடித்து, இடையறையின் கொக்கியில் மாட்டிவிட்டு இந்தப் பக்கம் தாழ் போட்டுவிட்டேன். தலைக்கவசமும் அங்கேதான். சட்டை, கால்சட்டையோடு மண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கதவை வெட்டினால் பதினைந்து விநாடியில் எனக்கு நினைவு போய்விடும்.

கதவுக் கண்ணாடியில் இடையறை விளக்கு எரிகிறது.

நாள் 293, காலை 11:40

வெட்டுகிற இயந்திரத்தைத் தரையில் வைத்த சத்தம். எடுத்த சத்தம். மறுபடி வைத்த சத்தம்.

உமையாள்: "நீங்க செய்யமாட்டீங்கன்னு நினைச்சேன்."

"தெரியும் மேடம்."

நாள் 293, நண்பகல் 12:20

வண்டியின் இயந்திரம் நின்றுவிட்டது. அணைத்திருக்கிறார்கள். அணைத்துவிட்டால் மறுபடி சூடேற்றிக் கிளப்ப ஒரு நாள் ஆகும். அதாவது கிளம்புகிற எண்ணம் இப்போதைக்கு இல்லை.

உமையாள், குரலைத் தாழ்த்தி: "பதிவில் வராத அலைவரிசையில் பேசுறேன். வண்டியில் கோளாறு, ஒன்பது நாள் ஆகும்னு மேலே சொல்லிட்டேன். காற்று போதுமா?"

"போதும்."

"சாப்பாடு இருக்கா?"

"இருக்கு மேடம்."

நாள் 293, நண்பகல் 12:25

இந்தப் பக்கம் உணவு நான்கு நாளைக்குத்தான் இருக்கிறது; மிச்சம் குடியிருப்பில், உடுப்பில்லாமல் எட்டாது. தெரிந்தால் கதவைத் திறக்கச் சொல்வார். திறந்தால் உள்ளே வரவேண்டியிருக்கும், வந்தால் உத்தரவு அவருக்கு நினைவு வரும்.

பாத்தி வெப்பம் 31. கரிவாயு நேற்றைவிடக் குறைவு.

இன்றைய உணவுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு, பாதியை மூடி வைத்தேன்.